குறை சொல்லத் தெரியாதவன்

என் குறைகளைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சின்னமனூர்ப் பக்கம் எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கேள்விகூட வேண்டாம், பெயரைச் சொன்னாலே ஆரம்பித்துவிடுவார்கள்.

"அவனா? நல்ல பயதான். ஆனா காலையில எந்திரிக்கமாட்டான், வெயில் மூஞ்சியில அடிக்கணும். கடன் வாங்குனா குடுத்துருவான், நாமதான் கேக்கணும். கோவம் வராது. வந்தா சாப்பிடாமப் படுத்துக்குவான்."

சொல்கிறவர் எனக்குப் பெரியப்பா முறை. கேட்டுக்கொண்டிருப்பவர் பெண் வீட்டுக்காரர். எனக்குப் பெண் பார்த்த காலத்தில் ஒரு தரப்பு இப்படி விசாரித்துவிட்டு, எங்கள் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டது. பெரியப்பாமேல் எனக்கு வருத்தமில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆள் விசாரிப்பது இந்த லட்சணத்தில்தான் நடக்கும். ஒருவனைப் பற்றி அவனிடமே யாரும் கேட்பதில்லை. அவனுக்கு என்ன தெரியும்? விடியுமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கி மலைக்கு ஏலத்தோட்ட ஜீப்புகள் கிளம்பும். புதிதாக ஒரு பெண் ஏறினால் கங்காணி பக்கத்தில் இருப்பவளிடம்தான் கேட்பார்: "புள்ள பழமாப் பாத்துப் பறிக்குமா, பிஞ்சையும் சேத்து உருவிருமா?" புதுப் பெண் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைக் கேட்டால் என்ன சொல்வாள் என்பது கங்காணிக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்தவனை மதுரையில் ஒரு ஏ.சி. அறையில் உட்காரவைத்து, "உங்க வீக்னஸ் என்ன?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்த 1996ஆம் வருஷம் நான் பி.காம். முடித்தேன். புது மாவட்டம், புது கலெக்டர் ஆபீஸ், இனி வேலைக்குப் பஞ்சமில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பஞ்சம் அப்படியேதான் இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலக அட்டையைப் புதுப்பிப்பதற்கு மதுரைவரை போக வேண்டாம் என்றானது மட்டும் எங்களுக்குக் கிடைத்த லாபம். தனியார் கம்பெனி இன்டர்வியூவுக்கு அப்போதும் மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

முதல் இன்டர்வியூவுக்கு என்னைத் தயார் செய்தவர் அக்கா வீட்டுக்காரர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மச்சானுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் முடிந்துபோன விஷயம். "மாப்ள, வீக்னஸ் என்னன்னு கேப்பாங்க. அங்கதான் ஆளைக் கவுப்பாங்க. இல்லைன்னு சொல்லாத, திமிருன்னு நினைப்பாங்க. இருக்குன்னும் சொல்லாத. 'ஓவரா வேலை பார்ப்பேன் சார், எடுத்த வேலையை முடிக்காமத் தூங்கமாட்டேன்'னு சொல்லு. குறை மாதிரியும் இருக்கும், நிறை மாதிரியும் இருக்கும்." எனக்குப் புல்லரித்துவிட்டது. திருப்பூர் சும்மா வளரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்வி வந்தது. நானும் மச்சான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். கேட்டவர் தலையை ஆட்டினார். வழுக்கைத் தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா.

"நல்லது. அப்படித் தூங்காம முடிச்ச வேலை ஒண்ணு சொல்லுங்க."

மச்சான் இந்த இடத்துக்கு வரவேயில்லை. எனக்குத் தூங்காமல் செய்த வேலை என்று எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "வயலுக்கு ராத்திரித் தண்ணி பாய்ச்சுவேன் சார். விடிய விடிய முழிச்சிருந்து மடை திருப்புவேன்."

அவர் பேனாவை மூடினார். முகத்தில் ஒரு வெளிச்சம். "எந்தப் பக்கம் நீங்க?"

"சின்னமனூர்ப் பக்கம் சார்."

"எங்க அம்மா ஊரு பாளையம். ஒங்க வயலுக்கு எந்தப் பாசனம்? உத்தமுத்து வாய்க்காலா, பாளையம் பரவா?"

பாளையம் என்று அவர் சொன்னது உத்தமபாளையத்தை. மதுரையில் எத்தனையோ லட்சம் பேர் இருக்க, எனக்கு வாய்த்தவர் முல்லைப் பெரியாறு தண்ணீர் குடித்து வளர்ந்த அம்மாவின் பிள்ளை. எங்கள் வயலுக்கு எந்த வாய்க்காலிலிருந்து தண்ணீர் வருகிறது என்று நான் அன்றுவரை யோசித்ததில்லை. தண்ணீர் வரும், அவ்வளவுதான்.

"ரெண்டும்தான் சார்."

"ரெண்டு வாய்க்கால் பாயிற வயலா! குடுத்துவச்சவங்கப்பா" என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

உண்மையில் ராத்திரித் தண்ணீர் பாய்ச்ச அப்பா என்னை அனுப்பியது ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்திருந்த சமயத்தில். நடவு முடிந்த வயல். வரப்பில் உட்கார்ந்தவன் சாய்ந்தேன், சாய்ந்தவன் தூங்கினேன். மடை பிய்த்துக்கொண்டு தண்ணீர் முழுக்கப் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த ஆற்றை மறித்து அணை கட்டி, மலையைக் குடைந்து 1895இல் இந்தப் பக்கம் திருப்பிவிட்டவர் பென்னிகுயிக். அவர் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிற ஜனங்கள் நாங்கள். அவ்வளவு பெரிய மனிதர் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை நான் ஒரே தூக்கத்தில் அடுத்த வீட்டுக்காரருக்குத் தானம் செய்தேன். அந்தப் போகம் முடியும்வரை அப்பா என்னோடு பேசவில்லை. பக்கத்து வயல்காரர்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன தம்பி, இன்னிக்குத் தண்ணிக்கு நீதானே வர்ற?" என்று அன்பாக விசாரிப்பார்.

பொய் சரிப்பட்டு வராது என்று தெரிந்துபோனதால் அடுத்த முறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். இது தேனியில், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தனியார் ஆபீஸ். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "சார், எனக்குத் தள்ளிப்போடுற பழக்கம் உண்டு. இன்னிக்கு எழுத வேண்டிய கணக்கை நாளைக்குத்தான் எழுதுவேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் எழுந்து கைகொடுத்தார். "இப்படி வெளிப்படையாப் பேசுற ஆளை நான் பாத்ததே இல்ல தம்பி. ரொம்ப நேர்மை."

வீட்டுக்கு வந்து வேலை கிடைத்துவிட்ட மாதிரியே பேசினேன். அம்மா அன்று ராத்திரி பணியாரம் சுட்டாள். ஆர்டர் வந்தால் சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். அவளுடைய வேண்டுதல் என்பதால் தீச்சட்டியை நான்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தபால்காரர் தினமும் எங்கள் தெருவில் நுழைவார். நான் வாசலில் நிற்பேன். கொஞ்ச நாளில் அவர் எங்கள் வீட்டுக்கு முன்னால் சைக்கிளை வேகமாக மிதிக்கத் தொடங்கினார். தீச்சட்டிக்கு அவசியமே இல்லாமல் போனது. அம்மா ஒருநாள் கேட்டாள்: "நேர்மைன்னு சொன்னாங்க, சரி. வேலைன்னு சொன்னாங்களாடா?"

உண்மையைச் சொல்லி வேலை வாங்கிய ஆட்களே இல்லையா என்றால், நமக்குத் தெரிந்து ஒருவர் இருக்கிறார். கணித மேதை ராமானுஜன். கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறாதவர். கணக்கைத் தவிர எந்தப் பாடத்தையும் அவர் சட்டை செய்யவில்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்குக் குமாஸ்தா வேலை கேட்டு எழுதிய விண்ணப்பத்தில், மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் சொல்லி, சந்தர்ப்பம் சரியில்லாததால் மேலே படிக்க முடியவில்லை என்றார். அதே மூச்சில், தன் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிடுவதாகவும் எழுதினார். மார்ச் முதல் தேதி வேலையில் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். ஃபெயில் என்ற சொல்லே விண்ணப்பத்தில் வராமல், ஆனால் பொய்யும் இல்லாமல் எழுதியிருக்கிறார் பாருங்கள். இதைப் படித்த உற்சாகத்தில் என் அடுத்த பயோடேட்டாவில் நானும், 'எதிர்பாராத சந்தர்ப்பங்களால் ஓராண்டு தாமதமாகப் பட்டம் பெற்றேன்' என்று போட்டேன்.

"என்ன சந்தர்ப்பம்?" என்று கேட்டார்கள்.

"ஸ்டாடிஸ்டிக்ஸ் அரியர் சார்."

ராமானுஜனுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர் பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர். எனக்கு எங்கள் ஊராட்சித் தலைவர். அந்த வித்தியாசத்தை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு உரக் கம்பெனி. அங்கே புத்தகத்தில் படித்த பதிலைச் சொன்னேன்: "புது ஆளுங்ககிட்டப் பேசக் கூச்சம் சார், இப்போ முயற்சி பண்ணி மாத்திக்கிட்டு வர்றேன்." நல்ல பதில்தான். வேலை மட்டும் சேல்ஸ் ரெப்ரசென்டேட்டிவ். பள்ளத்தாக்கு முழுக்கப் புது ஆட்களிடம் பேசுவதுதான் வேலையே. விளம்பரத்தைச் சரியாகப் படிக்காமல் போவதும் என் குறைகளில் ஒன்று என்று அன்று தெரிந்துகொண்டேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

கடைசியில் எனக்கு வேலை கொடுத்தவர் போடியில் ஏலக்காய் வியாபாரி. அவர் கேள்வியே கேட்கவில்லை. கடைக்குள் போனதும் வாசனை மூக்கில் ஏறியது. ஒரு பக்கம் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எட்டு மில்லி தனி, ஏழு மில்லி தனி, வெடித்தது தனி. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு சிட்டையைத் தள்ளினார். "இதைக் கூட்டுங்க தம்பி."

கால்குலேட்டர் மேஜையில் இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு விரல்விட்டுக் கூட்டினேன். இரண்டு முறை கூட்டியதில் இரண்டு விடை வந்தது. மூன்றாவது முறை முதல் விடையே வந்ததால் அதை எழுதினேன். அவர் வேறு யாருடனோ போனில் பேசிக்கொண்டே என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வெரல்விட்டுத்தான் கூட்டுவீங்களோ?"

"ஆமாங்கய்யா."

"சந்தேகம் வந்தா மறுபடி கூட்டுறீங்க. அது நல்லது. வேகம் இல்ல. அதுக்குத் தக்கனதான் சம்பளம் போடுவேன். நாளைக்கு வாங்க. வெள்ளன வரணும்."

பட்டம் வாங்கியதிலிருந்து என்னையும் எத்தனையோ பேரையும் திணறடித்த கேள்விக்கு அவர் கால்மணி நேரத்தில் பதில் கண்டுபிடித்தார். பதிலுக்கு விலையும் போட்டார். ஏலக்காயை வாங்கும்போதும் இதையேதான் செய்வார். ஏலத்தில் சாம்பிள் வந்ததும் ஒரு கை அள்ளி நிறம் பார்ப்பார். ஒரு காயை நகத்தால் கீறி ஏலரிசி கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். லிட்டர் எடை எவ்வளவு என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் விலை கேட்பார். 'உன் குறை என்ன?' என்று எந்தக் காயிடமும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

திருக்குறளில் ஆள் எடுப்பதற்கென்றே 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதி என்றும் பார் என்கிறார் வள்ளுவர். பார்க்கிற வேலை முழுக்க எடுப்பவனுடையது. வந்தவனையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லும் யோசனை அவருக்குத் தோன்றவில்லை. போடி முதலாளி குறள் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளன வரச் சொன்னதை நான் காப்பாற்றாததால், அவரிடம் இருந்த காலம் முழுக்கக் கடை திறக்கும் சாவி என் கைக்கு வரவேயில்லை. அதையும் அவர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருந்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் பாவப்பட்ட கட்சியாக முடிந்திருப்பேன். பிறகு தேனியிலேயே ஓர் ஆபீஸில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகி, இன்டர்வியூ எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலாளியின் மகன் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து ஒரு படிவம் தயாரித்திருந்தார். அதில் ஒரு வரி: 'தன் குறைகளை உணர்ந்திருக்கிறாரா? 10 மதிப்பெண்.' படிவத்தைக் கொடுத்தபோது, "சார், இந்தக் கேள்வி வேண்டாமே" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

வந்தவர்களில் பாதிக்கு மேல் ஒரே பதிலைச் சொன்னார்கள். "நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் சார்." என் மச்சானின் பதில் இங்கிலீஷ் படித்துவிட்டு வந்திருந்தது. ஊருக்கு ஊர் கோச்சிங் சென்டர் வந்த பிறகு மச்சான்களுக்கு மவுசு போய்விட்டது. இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. ஓவுல் செசர் என்பவரும் இன்னும் இருவரும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களிடம் வேலை இன்டர்வியூவில் சொல்வதுபோல உங்கள் பெரிய குறையை எழுதுங்கள் என்றார்கள். முக்கால்வாசிக்கும் மேலானவர்கள் குறை என்ற பெயரில் பெருமையைத்தான் எழுதினார்களாம். அந்த விடைகளைப் படித்து மதிப்பிட்டவர்கள், உண்மைக் குறையை எழுதியவர்களுக்கே வேலை கொடுக்கலாம் என்றார்களாம். அப்படிப்பட்ட மதிப்பீட்டாளர்கள் தேனி பக்கம் வந்ததில்லை. நான் இருந்தேன்.

அன்று பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் என்று சொன்னவர்களில் ஒரு தம்பி மிக அழகாகச் சொன்னான். கண்ணைப் பார்த்துச் சொன்னான். "எதையும் திருப்தி ஆகிறவரைக்கும் விடமாட்டேன் சார், அது என் குறை." கேட்டதும் எனக்கே என் பழைய பதில் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. என்ன செய்தேன்? எட்டு மதிப்பெண் போட்டேன்.

அவனுக்கு அடுத்து வருசநாட்டிலிருந்து ஒரு பெண். கையில் பிளாஸ்டிக் ஃபைல், தலையில் கனகாம்பரம். "முத வண்டி வந்தா நேரத்துக்கு வந்துருவேன் சார். அது வராத அன்னிக்கு லேட்டாகும். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. எக்செல் பாதிதான் தெரியும். மீதி ஒரு மாசத்துல கத்துக்கிருவேன்." இவ்வளவுதான் சொன்னாள், வேறு எதையும் சேர்க்கவில்லை. நான் மூன்று மதிப்பெண் போட்டேன். ஏன் என்று இப்போது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் இடத்தில் அன்று தேனி ஆபீஸின் அந்த மூன்று பேரில் நடுவில் இருந்தவர் உட்கார்ந்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "ரொம்ப நேர்மையாப் பேசுறம்மா" என்று வாய் நிறையச் சொல்லியும் அனுப்பினேன்.

தம்பி வேலைக்குச் சேர்ந்தான். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே திருப்தி ஆகும்வரை விடமாட்டான். ஜிஎஸ்டி ரிட்டனை மாதம் 20ஆம் தேதிக்குள் போட வேண்டும். அவன் 15ஆம் தேதியே முடித்துவிடுவான். பிறகு பைசாப் பிசகாமல் வரட்டும் என்று திருத்துவான். திருத்தியதைத் திருத்துவான். 20 தாண்டும், 22 தாண்டும். ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். "கொஞ்சம் ஃபார்மேட் சரியில்ல சார்" என்பான். தன் குறையை அட்சரம் பிசகாமல் என் முகத்துக்கு நேரே சொன்ன பிள்ளை. நான்தான் அதைப் பெருமை என்று நினைத்து மதிப்பெண் போட்டேன். என்னைப் போலவே தள்ளிப்போடுகிறவன்தான் அவனும். என் தள்ளிப்போடுதலில் கணக்கு எழுதப்படாமலே கிடக்கும். அவனுடையதில் அழகாக எழுதி முடித்துக் கிடக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

வருசநாட்டுப் பெண் பரீட்சை எழுதி ஒரு வங்கியில் கிளார்க் ஆகிவிட்டாள். அந்தப் பரீட்சைக்கு இன்டர்வியூ கிடையாது. 2015 சுதந்திர தின உரையில் பிரதமர் கீழ்நிலைப் பதவிகளுக்கு இன்டர்வியூ எதற்கு என்று பேசினார். 2016 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் குரூப் சி, குரூப் டி, கெசட்டட் அல்லாத குரூப் பி பதவிகளுக்கு இன்டர்வியூவை எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் குரூப் 4 தேர்வு எழுத்துத் தேர்வோடு முடிந்துவிடும். பரீட்சையில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் என்னை மாதிரி ஒருவன் எதிரே உட்கார்ந்து மூன்று மதிப்பெண் போடும் ஆபத்து அதில் இல்லை. பணம் கட்டப் போனபோது கவுன்டரில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அடையாளம் தெரிந்தது அவளுக்குத்தான். "சார், செலான்ல தேதி தப்பாப் போட்டிருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள்.

ஆள் எடுக்கிற நாற்காலியில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்கு ஒரு சிட்டையைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள், ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், கூடவே உட்கார்ந்து பாருங்கள். குறை தானாக வெளியே வரும். வேண்டுமானால் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள், போடி முதலாளி செய்ததுபோல.

எங்கள் ஆபீஸ் படிவத்தில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. முதலாளியின் மகனிடம் பேச வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் அவருக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.